முதுகுப் பக்கம் நடந்தது

அந்த அம்மாளிடம் கத்தரிக்காய் வாங்குவது எளிதான காரியம் அல்ல. "பிஞ்சா?" என்று கேட்டால் கூடையின் மேலாக இருப்பதில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பிஞ்சு. அடியில கீறது எனக்குத் தெரியாது, அவரு பறிச்சாரு" என்பாள். "சொத்தை இருக்காதே?" என்றால், "மேல இல்ல. உள்ள பூந்து நான் பாக்கலியே நைனா" என்பாள். பூந்தமல்லி ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில், புங்கமரத்தடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் பத்திரம் எழுதிவந்தேன். செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பேச்சு என் காதில் விழும். மற்றக் கூடைக்காரிகள் இப்போதுதான் பறித்து வந்ததாகக் கூவிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலில் காலியாவது இவள் கூடைதான்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. என் நாட்குறிப்பிலும் எழுதியதில்லை. 'சாட்சியம்மாள்' என்றே குறித்திருக்கிறேன். அம்பத்தூர் ஏரிக்கரையை ஒட்டிய ஊர் அவளுடையது. ஒற்றை மாட்டு வண்டி ஓட்டும் புருஷன். அங்கிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த ஊரில் கேட்டாலும் சாட்சியம்மாள் என்ற பெயர் தெரியும்.

பெயர் வந்த காரணத்தைச் சொல்வதற்குக் கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டும். இந்த ராஜதானியில் கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. முகமதியர்களுக்கு அவர்கள் மார்க்கத்து முறை இருக்கிறது. இந்துக்களுக்கு எதுவும் இல்லை. கட்டின தாலி கட்டினதுதான். வடக்கே ஏதோ ஒரு சமஸ்தானத்தில் இந்துக்களுக்கும் சட்டம் போட்டிருப்பதாக வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள். இங்கே ஒரே ஒரு வாசல்தான் உண்டு. ஒரு ஜனத்தாருக்குள் தொன்றுதொட்டு தீர்த்துவிடும் வழக்கம் இருந்து, அதை ருசுப்படுத்திக் காட்டினால் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும். வழக்கத்துக்குப் புத்தகம் கிடையாது. அதைக் கண்ணால் கண்ட ஆள்தான் புத்தகம். அந்தப் பக்கத்து உழவுக் குடும்பங்களில் யார் யாரைத் தீர்த்துவிடுவதானாலும் இந்த அம்மாளை அழைத்துப் போய் நிறுத்துவது பழக்கமாகியிருந்தது. பிற்பாடு வழக்கு வந்தால் அவள் கூண்டேறுவாள்.

அவள் சாட்சியாக நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உட்கார மாட்டாள். அன்று வெற்றிலை போட மாட்டாள். வாய் வேலை செய்தால் கண் சரியாக வேலை செய்யாது என்பாள். கூட்டத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். எத்தனை அடி தள்ளி நின்றாள், வெயில் எந்தப் பக்கம், யார் வேட்டி ஈரமாக இருந்தது என்பது வரைக்கும் பல வருஷம் கழித்தும் சொல்லுவாள். பார்க்காததைக் கேட்டால் ஒரே பதில்தான். "அது என் முதுகுப் பக்கம் நடந்தது."

இதை எல்லோரும் மெச்சினார்கள் என்று சொல்ல முடியாது. அவள் அண்டை வீட்டுக்காரன் ஒருவன் பெண்சாதியை அடித்துக் கையை முறித்துவிட்டான். பஞ்சாயத்து கூடியது. இடையில் ஒரு சுவர்தான். இவள் சொன்னால் அவனுக்குத் தப்ப வழியில்லை. "சத்தம் கேட்டேன். அவ அழுததக் கேட்டேன். அடிச்சத நான் பாக்கல" என்றாள். மனைவி மாடு முட்டி விழுந்ததாக அவன் சாதித்துவிட்டான். கை முறிந்தவள் அதன் பிறகு இவளோடு பேசவே இல்லை. இதை என்னிடம் சொன்னதும் சாட்சியம்மாள்தான். "அவ பேசாததுல தப்பில்ல நைனா" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் முழுவதும் போய்விடவில்லை.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலை, திருநின்றவூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாரும் அம்பத்தூர்ப் பக்கத்துப் பெண் வீட்டாருமாகப் பதினான்கு பேர் கச்சேரிப் படியில் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, தீர்த்துக்கொள்வதாக முடிவாகிவிட்டது. வழக்கப்படி ஊரிலேயே செய்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை கொஞ்சம் படித்தவன். காகிதத்தில் இருந்தால் உறுதி என்று இங்கே அழைத்து வந்திருந்தான். நான் முத்திரைக் காகிதத்தில் விடுதலைப் பத்திரம் எழுதினேன். நல்ல பத்திரம்தான். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

பெண்ணின் தகப்பனார் இடுப்பில் ஒரு வைக்கோல் துரும்பைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் ஊர்களில் தீர்த்துவிடும்போது துரும்பைக் கிள்ளி இரண்டாக்கிப் போடுவார்கள். கையெழுத்து முடிந்ததும் அவர் அதை வெளியே எடுத்தார்.

"இதெல்லாம் எதற்கு? சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் இருக்கிறதே. தூக்கிப் போடுங்கள்" என்றேன்.

அவர் சாட்சியம்மாளைப் பார்த்தார். பன்னிரண்டு அடி தள்ளி, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவர் துரும்பைக் கீழே போட்டுவிட்டார். தாலியை மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்தார்கள். பிறகு கூட வந்திருந்த நாட்டாண்மைக்காரர் வழக்கம்போல இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எனக்கு அடுத்த கட்சிக்காரர் காத்திருந்தார். "ஆகட்டும், ஆகட்டும்" என்று நான் அவசரப்படுத்தினேன்.

அந்தப் பெண் பிறகு மண்ணூர்பேட்டையில் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். குழந்தையும் பிறந்தது. மூன்றாம் வருஷம், முதல் புருஷன் மறுபடி கட்டிக்கொண்டிருந்த மனைவி காலமாகிவிட்டாள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடினவனிடம் யாரோ ஒரு வக்கீல், உன் பத்திரம் செல்லாது, சட்டப்படி அவள் இன்னும் உன் பெண்சாதி என்று சொல்லிவிட்டார். அவன் திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினான். அவள் வர மறுத்தாள். புருஷன் உயிரோடிருக்க வேறொருவனைக் கல்யாணம் செய்தாள் என்று அவள்மேல் பிராது கொடுத்துவிட்டான். ருசுவானால் ஜெயில்.

வக்கீல் சொன்னது சரிதான். பத்திரத்துக்குத் தனியாக ஒரு பலமும் இல்லை. வழக்கப்படி நடந்திருந்தால்தான் தீர்வை, அதாவது கல்யாணம் தீர்ந்ததாகக் கணக்கு. இதை நான் தெரிந்துகொண்டது அந்தப் பிராதுக்குப் பிறகு. அதற்குமுன் அதேபோல ஆறு பத்திரங்கள் எழுதியிருந்தேன்.

பெண்ணின் தரப்பு வக்கீல் சாத்வீகமான மனிதர். அவர், அந்தப் பெண், அவள் இடுப்பில் குழந்தை, சாட்சியம்மாள் எல்லோரும் என் மரத்தடிக்கு வந்தார்கள். முந்தைய மூன்று வழக்குகளில் இந்த அம்மாள் சாட்சி சொன்னபோது துரும்பு கிள்ளினதை விவரமாகச் சொல்லியிருக்கிறாள். அது தீர்ப்பிலும் ஏறியிருக்கிறது. ஆகவே இதிலும் கிள்ளினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றார் வக்கீல்.

"கிள்ளலியே நைனா" என்றாள்.

"அத்தே, எனக்காவ ஒரு வார்த்த சொல்லேன். கொயந்தய வெச்சிகினு நான் ஜெயிலுக்குப் போவேனா?" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்றேன்டி. பாத்தத சொல்றேன்."

"பாத்தத சொன்னா நான் உள்ள பூடுவேனே!"

நான் குறுக்கிட்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். "கிள்ளினதாகவே வைத்துக்கொள்ளுங்களேன் அம்மா. கிள்ளத்தானே வந்தார்கள்? நான் தடுத்ததால்தானே நின்றது?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பண்ண தப்ப மூட நான் பொய் சொல்லணுமா? சரி, சொல்றேன்னு வெய்யி. அந்தத் துரும்பு கீய கெடந்தத பதினாலு பேரு பாத்தாங்க. ஒருத்தன் வாயத் தொறந்தா போதும். அப்பறம் நெசமா கிள்ளின அந்த மூணு பொண்ணுங்களுக்கு நான் சொன்னது இன்னாவும்?"

குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து அதன் கையில் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ தெனம் எதனா எழுதி வெச்சிகினு இருப்பியே. அன்னிக்கு இன்னா எழுதனேன்னு பாரு" என்றாள்.

வீட்டில் போய்ப் பார்த்தேன். அந்தத் தேதியில் இப்படி இருந்தது: 'விடுதலைப் பத்திரம் ஒன்று. துரும்பு வேண்டாமென்று சொன்னேன். நாட்டாண்மை இரு தரப்பையும் தலைக்கு மூன்று தரம் கேட்டதில் கால் மணி வீணாயிற்று.'

கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். பிராதுக்காரன் வக்கீல்தான் முதலில் துரும்புப் பேச்சை எடுத்தார்.

"துரும்பு கிள்ளினார்களா?"

"இல்ல."

பின்னால் அந்தப் பெண் விசும்பின சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்படியானால் தீர்வை நடக்கவில்லை?"

"நடந்துது. துரும்பு கிள்றதும் உண்டு, கிள்ளாததும் உண்டு. நான் பாத்ததுல பதினொன்னுல நாலுக்குத் துரும்பு இல்ல. பதினொன்னுலயும் தப்பாம நடந்தது வேற ஒன்னு. தாலியத் திருப்பிக் குடுக்கணும். நாட்டாமை ரெண்டு பேரயும் நிக்க வெச்சி, 'தீந்துதா'ன்னு தலைக்கு மூணு தரம் கேக்கணும். மூணு தரமும் அவங்க வாயால 'தீந்துது'ன்னு சொல்லணும். இதுல அது நடந்துது. கச்சேரிப் படியில. நான் பன்னெண்டு அடி தள்ளி நின்னேன்."

வக்கீல் கெட்டிக்காரர். சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"பதினொன்று என்றாயே, உன்னுடையதையும் சேர்த்தா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்கும் முதலில் ஒரு புருஷன் இருந்தான், அவனைத் தீர்த்துவிட்டுத்தான் வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்பது அங்கே பலருக்கும் தெரிந்த சங்கதி. இருபத்திரண்டு வருஷத்துக் குடித்தனம்.

"என்னுது சேக்கல. என்னுதோட பன்னெண்டு."

"உன்னுடையதிலும் மூன்று தரம் கேட்டார்களா?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டார்கள் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. மறுத்துச் சொல்ல அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. அவளுடைய அந்த நாளைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள்.

"கேக்கல" என்றாள். "அன்னிக்கு நாட்டாமைக்கு ஜொரம். வரல. துரும்பு கிள்ளி, தாலியக் குடுத்துட்டு வந்துட்டோம். அவனயும் கேக்கல, என்னியும் கேக்கல."

"அப்படியானால் நீ சொல்லுகிற வழக்கப்படி உன் தீர்வை செல்லாது?"

"வழக்கப்படி பாத்தா, செல்லாது."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீ சொன்னதற்கு அர்த்தம் தெரிகிறதா?"

"தெரியுது எசமான். பாத்ததத்தான கேட்டீங்க."

அதற்குப் பிறகு என்னையும் ஏற்றினார்கள். நாட்குறிப்பைக் காட்டினேன். துரும்பு வேண்டாமென்று நான் சொன்ன வரியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. படித்தேன். அடுத்த வாய்தாவில் பிராது தள்ளுபடியானது. தன் குடித்தனத்துக்கே கேடு வரும் என்று தெரிந்தும் உண்மையை மறைக்காத சாட்சியை நம்பாதிருக்கக் காரணம் இல்லை என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். அந்தப் பெண் மண்ணூர்பேட்டைக்குத் திரும்பிப் போனாள்.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டுக்கு வெளியே நடந்ததை எழுதாமல் விட முடியாது. வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். வழக்கு நடந்தால் அவர் உள்ளே வரமாட்டார்; மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பார்.

"இன்னா கேட்டாங்க?" என்றார்.

"உனக்கு நான் பொண்டாட்டி இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் நுகத்தடிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, ஏறு. மானம் கறுத்துகினு வருது."

அவள் ஏறவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

"வண்டில ஏர்றதுக்கு இன்னாத்துக்குப் பொண்டாட்டி ஆவணும்? கத்திரிக்கா மூட்டகூடத்தான் ஏறுது. ஏறும்மே."

ஏறிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் கூடைக்காரிகள் சும்மா விடவில்லை. "இன்னா அத்தே, உன் ஊட்டுக்காரர இனிமே எப்படிக் கூப்புடறது?" என்று ஒருத்தி கேட்டுச் சிரித்தாள். "வண்டிக்காரர்னு கூப்புடு. அது பொய்யில்ல" என்று இவள் சொல்லிவிட்டுக் காய்களை அடுக்கினாள். ஆனால் அன்று இரண்டு தடவை சில்லறையைத் தவறாகக் கொடுத்தாள். அவளிடம் நான் அதற்குமுன் பார்த்திராத விஷயம்.

ஒரு மாதத்துக்குள் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வண்டிக்காரரின் வண்டி கச்சேரிப் படிக்கு முன்னால் வந்து நின்றது. முதலில் சாட்சியம்மாள் இறங்கினாள். பிறகு நாட்டாண்மைக்காரர். அவருக்குப் பின்னால் பல் இல்லாத ஒரு கிழவர், வண்டிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவள் முதல் புருஷன். பட்டாபிராம் பக்கத்தில் மகன் வீட்டில் இருந்தவரைப் போய் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏற்றிவந்தவர் வண்டிக்காரரே.

"இங்கே எதற்கு அம்மா? ஊரிலேயே செய்யலாமே" என்றேன்.

"ஊர்ல எல்லாரும் சொந்தம். நீ சொந்தமில்ல. இங்க வந்து நில்லு" என்றாள்.

நான் போய் நின்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் நின்றேன்.

நாட்டாண்மைக்காரர் கிழவரைக் கேட்டார். "தீந்துதா?"

"தீந்துது."

"தீந்துதா?"

"தீந்துது. இன்னாய்யா, இருவத்திரண்டு வருசமா தீந்துதான் கீது. இப்ப இழுத்துகினு வந்து கேக்கறீங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தீந்துதா?"

"தீந்துதுப்பா, தீந்துது."

வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். நாட்டாண்மைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். முதல் தரம் கேட்டவுடன் சொன்னாள். இரண்டாம் தரமும் கேட்டவுடன் சொன்னாள். மூன்றாம் தரம் கேட்டபோது உடனே சொல்லவில்லை. எதிரே அந்தக் கிழவர் வாயை மென்றுகொண்டு நின்றார். பிறகு, "தீந்துது" என்றாள்.

எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு முத்திரைக் காகிதத்தை எடுத்தேன். என் செலவில் எழுதித் தருகிறேன் என்றேன். வேறு எந்த விதத்தில் கடனைத் தீர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"காயிதம் வேணாம். நீ பாத்தியா, இல்லியா?"

"பார்த்தேன்."

"அது போதும். எவனாவது கேட்டா பாத்தத சொல்லு."

வண்டியில் ஏறும்போது வண்டிக்காரரிடம், "ஊட்டுக்குப் போனதும் தாலியக் கழட்டித் தரேன். திரும்பக் கட்டு" என்றாள்.

"அப்ப இத்தினி வருசம் இருந்தது?"

"இருந்துது. இல்லன்னா சொன்னேன்?"

அவர் திரும்பக் கட்டியதாகக் கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் இப்போது இல்லை. ஆவடிப் பக்கம் மிலிட்டரி லாரிகள் ஓட ஆரம்பித்தபின் அந்தச் சாலையில் மாட்டு வண்டிகள் குறைந்துவிட்டன. அந்த அம்மாளின் தீர்வையைப் பற்றி இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. இனிக் கேட்டாலும் கேட்கலாம். அதனால் எழுதிவைக்கிறேன். கச்சேரிப் படியில், பகல் பத்தரை மணிக்குமேல், நாட்டாண்மைக்காரர் இருவரையும் மூன்று மூன்று தரம் கேட்டார். இருவரும் மூன்று மூன்று தரம் பதில் சொன்னார்கள். நான் ஏழு அடி தள்ளி நின்றேன். மூன்றாம் தரம் பதில் சொல்வதற்கு முன் அந்த அம்மாளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.